வானளவைப் பட்டியலின் புலங்கள்: ஒரு விண்மீனின் வரிசையைத் தமிழில் படித்தல்

சிராங்கூன் சாலைக் கடைகளில் ஆண்டு பிறப்பதற்கு முன்பே தினசரி நாட்காட்டிகள் தொங்கத் தொடங்கிவிடும். நாளொன்றுக்கு ஒரு தாள். தாளின் அடியில் பொடி எழுத்தில் திதி, நட்சத்திரம், யோகம், நல்ல நேரம், இராகு காலம். அத்தகைய தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். தாளில் ‘சுவாதி, மாலை 4.10 வரை’ என்றிருந்தது. அவருடைய கைப்பேசியில் வான்படச் செயலி ஒன்று திறந்திருந்தது. தமிழர் சுவாதி என வழங்கும் விண்மீனே மேலைநாட்டார் ஆர்க்டூரஸ் என்பது என்று அவர் அறிந்திருந்தார். செயலியிலோ நிலவு ஓரிடத்தில் இருந்தது. ஆர்க்டூரஸ் ஏறத்தாழ 30 பாகை தள்ளி வடக்கே இருந்தது. “ஐயா, இவற்றில் எது பொய்?” என்று கேட்டார்.

இரண்டும் மெய்யே என்றேன். அவ்விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. அதைக் கூறிய விதம் எனக்கும் நிறைவளிக்கவில்லை. அன்று சொல்லத் தவறியவற்றைச் சேர்த்துச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

பஞ்சாங்கத்தில் ‘நட்சத்திரம்’ என்னும் தலைப்பின்கீழ் எழுதப்படுவது ஒரு விண்மீனின் இருப்பிடம் அன்று. வானில் கதிரவன் ஓராண்டில் கடக்கும் வட்டத்தை 27 சம கூறுகளாகப் பகுத்து, கூறொன்றுக்கு 13 பாகை 20 கலை என வரையறுத்து, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு விண்மீனின் பெயரை முன்னோர் இட்டனர். நிலவு அன்றைக்கு எந்தக் கூற்றில் செல்கிறதோ அக்கூற்றின் பெயரே அந்நாளின் நட்சத்திரம். ஆர்க்டூரஸ் என்னும் விண்மீனோ அவ்வட்டத்திலிருந்து 30 பாகைக்கு மேல் வடக்கே விலகி நிற்கிறது. நிலவு அவ்வட்டத்தை விட்டு ஐந்து பாகை அளவே விலகும். ஆகவே நிலவு சுவாதி விண்மீனை என்றுமே நெருங்குவதில்லை. ஆயினும் மாதந்தோறும் தவறாமல் ‘சுவாதியில்’ இருக்கிறது. ஒரு பெயர் இரு தலைப்புகளின்கீழ் இரு பொருள் தருகிறது. மொழியியலார்க்கு இது புதிதன்று. சொல்லின் பொருளை அது நிற்கும் இடம் தீர்மானிப்பதுபோல, பட்டியலில் எழுதிய மதிப்பின் பொருளை அதன் தலைப்புத் தீர்மானிக்கிறது.

அத்தலைப்பின்கீழ் அமைந்த கட்டத்தைக் கணினித் தமிழில் ‘புலம்’ என்கிறோம். வரிசை ஒவ்வொன்றும் ஒரு பொருளுக்கு உரியது. புலம் ஒவ்வொன்றும் அப்பொருளைப் பற்றிய ஒருவகைச் செய்திக்கு உரியது. அகராதியும் இவ்வாறு அமைந்ததே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் உச்சரிப்பு, இலக்கண வகை, பொருள், மேற்கோள் இடம் என்பன முறையாக வருகின்றன. மேற்கோள் கிடைக்காத சொல்லுக்கு வட்டார வழக்கு என்று குறிப்பு உண்டு. மேற்கோள் இல்லை என்பதனால் சொல்லே இல்லை என்று எவரும் கொள்வதில்லை. இந்த ஒழுக்கம் வானியல் பட்டியலைப் படிக்கவும் வேண்டும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நிலத்தை அளந்து பதிவதை நில அளவை என்கிறோம். அவ்வாறே வானத்தைப் பகுதி பகுதியாக நோக்கி அங்குள்ளவற்றைப் பதிவதை வான் அளவை எனலாம். இதனைச் சிங்கப்பூரில் பேசுவதற்கு ஒரு சிறப்புக் காரணம் உண்டு. நிலநடுக்கோட்டிற்கு ஒன்றே கால் பாகை அளவு வடக்கே அமைந்த இத்தீவிலிருந்து ஓராண்டிற்குள் ஏறத்தாழ முழு வானமும் தலைக்குமேல் சென்று மறைகிறது. வடதுருவ மீனும் தென்சிலுவையும் எழக்கூடிய வானம் இது. ஆயினும் 2016ஆம் ஆண்டு வெளிவந்த செயற்கை இரவொளியின் உலகப் படத்தொகுப்பு, மக்கள் அனைவரும் இருளுக்குக் கண் முழுமையாகப் பழக இயலாத அளவு ஒளிமிகுந்த வானத்தின்கீழ் வாழும் நாடாகச் சிங்கப்பூரைக் குறித்தது. தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலையில் ஒளி அலங்காரத்தின்கீழ் நின்று அண்ணாந்து பார்த்தவர்க்கு இதற்குச் சான்று வேண்டா. எல்லா விண்மீன்களும் எழும் ஊரில் சிலவே தெரிகின்றன. நம் மாணவர்க்கு வானம் பெரும்பாலும் பட்டியலாகவே வாய்க்கிறது. அதனால் பட்டியலைப் பிழையறப் படிப்பது அவர்களுக்கு மேலதிகக் கலை அன்று.

தமிழகத்தில் இத்தகைய பட்டியல் ஒன்று உருவான வரலாறு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பினி 1792இல் வானாய்வுக்கூடம் ஒன்றை எழுப்பியது. கருவியைத் தாங்க நிறுவிய கருங்கல் தூண், இன்று அவ்விடத்தில் உள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. கட்டட வடிவமைப்பாளர் மைக்கேல் டாப்பிங்கின் பெயரும் ஆண்டும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இலத்தீனோடு தமிழும் தெலுங்கும் அத்தூணில் இடம்பெறுகின்றன. யார், எங்கே, எப்போது என்னும் மூன்று புலங்களைக் கல்லில் நிரப்பி வைத்ததாகவே அதனைக் கொள்ளலாம். 1830இல் அங்குப் பொறுப்பேற்ற தாமஸ் கிளான்வில் டெய்லர், 11,015 விண்மீன்களைக் கொண்ட பட்டியலை 1844இல் சென்னையில் வெளியிட்டார். அக்காலத்து ஐரோப்பிய வானியலாளர் பெரிதும் மதித்த பட்டியல் அது.

பட்டியலின் முதல் முதன்மைப் புலங்கள் இரண்டு. விண்மீன் வானில் இருக்கும் இடத்தைக் குறிப்பவை. நிலப்படத்தில் நெடுக்கமும் அகலமும் செய்யும் வேலையை வானில் இவை செய்கின்றன. வான நடுவரையிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ உள்ள தொலைவை ‘நடுவரை விலக்கம்’ என்கிறோம். அதில் சிக்கல் இல்லை. மற்றொன்றின் தமிழ்ப் பெயரில்தான் இடறல். இதனை ‘வல எழுச்சி’ என்றும் ‘வல ஏற்றம்’ என்றும் எழுதுவோர் உளர். ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ரைட்’ என்பதை வலக்கை எனக் கொண்டதன் விளைவு இது. மூலமான இலத்தீனில் அது ‘அசென்சியோ ரெக்டா’. ரெக்டா என்றால் நேரானது, செங்குத்தானது. நிலநடுக்கோட்டில் நிற்பவர்க்கு விண்மீன்கள் அடிவானத்திலிருந்து சாயாமல் நேராக எழும். அவ்வாறு எழும் வானத்தை அக்கால ஐரோப்பியர் நேர்க்கோளம் என்றனர். அங்கு விண்மீனோடு சேர்ந்து எழும் நடுவரைப் புள்ளியைக் கொண்டு அளந்ததே நேரேற்றம். இந்திய வானியலார் இதே கருத்தை ‘இலங்கோதயம்’ என்று வழங்கினர். அவர்கள் இலங்கை என்றது இன்றைய தீவை அன்று. உச்சயினிக்கு நேர் தெற்கே நிலநடுக்கோட்டில் இருப்பதாகக் கொண்ட ஓர் இடத்தை. வலக்கைக்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை. ‘நேரேற்றம்’ என்று சொன்னால் சிங்கப்பூர் மாணவர் தம் ஊரின் கிழக்கு வானத்தையே சான்றாகக் காட்டலாம். விண்மீன்கள் இங்கு ஏறத்தாழ நேராகவே எழுகின்றன. ஒரு சொல்லைத் திருத்துவது நமக்கு இவ்வளவு எளிதாக வாய்ப்பது அரிது.

சுவாதிக்கு இவ்விரு புலங்களிலும் உள்ள மதிப்புகள்: நேரேற்றம் 14 மணி 15 நிமிடம் 39.7 விநாடி, நடுவரை விலக்கம் வடக்கே 19 பாகை 10 கலை 57 விகலை. துல்லியமாகத் தோன்றும் இவ்வெண்கள் மட்டும் இருந்தால் பயன் குறைவு. எந்தக் காலத்துக்குரியவை என்று சொல்லவேண்டும். மேலே தந்தவை 2000ஆம் ஆண்டுக்குரியவை. டெய்லர் தம் மதிப்புகளையெல்லாம் 1835 சனவரி முதல் நாளுக்கு மாற்றி எழுதினார். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் தந்த மூன்றாம் வெளியீட்டின் அடிப்படைக் காலம் 2016.0. இவ்விரண்டுக்கும் இடையே 181 ஆண்டுகள். புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஆயங்களின் தொடக்கப் புள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை நகர்கிறது. 181 ஆண்டுகளில் அது இரண்டரைப் பாகை. முழு நிலவுகள் ஐந்தினை வரிசையாக வைத்த அகலம் அது. காலப் புலத்தைப் பாராமல் டெய்லரின் எண்ணையும் கையாவின் எண்ணையும் ஒப்பிடுபவர், அசையாத விண்மீனையும் ஐந்து நிலவு தூரம் ஓடியதாகக் கணக்கிடுவார்.

நாட்காட்டியிலும் இதே இடர் உண்டு. சென்னைக்குக் கணித்த தாளில் ‘மாலை 4.10 வரை’ என்றால் சிங்கப்பூர்க் கடிகாரத்தில் அது 6.40. இராகு காலமோ அவ்வவ்வூர்க் கதிரவன் தோற்றத்தைப் பொறுத்தது. இரண்டரை மணியைக் கூட்டிவிட்டால் மட்டும் சரியாகாது. எவ்வூருக்குக் கணித்தது என்னும் புலம் தாளில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், இல்லாமலும் போகும்.

அச்சுச் சுழற்சியைக் கழித்த பின்னரும் விண்மீன்கள் அசையாமல் நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய நகர்வு உண்டு. சுவாதி ஆண்டுக்கு ஏறத்தாழ 2.28 விகலை நகர்கிறது; வெறுங்கண்ணுக்குத் தெரியும் பேரொளி மீன்களுள் இது மிகுந்த வேகம். டெய்லர் காலத்திலிருந்து கையா காலம் வரை அது கடந்தது ஏறத்தாழ 7 கலை, அதாவது நிலவின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பட்டியலில் இது இரண்டு புலங்களாக வரும்: நேரேற்றத் திசையில் ஆண்டுக்கு –1.093 விகலை, விலக்கத் திசையில் –2.000 விகலை. குறை அடையாளம் திசையைக் காட்டுவது. மேற்கும் தெற்கும் என்று படிக்கவேண்டும். இதனைச் சிலர் ‘தன்னியக்கம்’ என மொழிபெயர்த்துள்ளனர். தானியங்கிக் கதவும் தானியங்கி வண்டியும் பழகிய காதுக்கு அச்சொல் வேறொன்றை உணர்த்தும். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று வீட்டிலேயே வழங்கும் சொல் நம்மிடம் இருக்கிறது. ‘சொந்தப் பெயர்ச்சி’ என்றால் பத்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். சோதிட மணம் வீசுகிறது என்று தயங்குவோர்க்கு நான் சொல்லக்கூடியது, பெயர்ச்சி என்பது பெயர்தல் என்னும் நல்ல தமிழ் வினையின் பெயர் என்பது மட்டுமே.

அடுத்த புலம் தொலைவுக்குரியது. பட்டியலில் தொலைவு நேரடியாக எழுதப்படுவதில்லை. கையை நீட்டி ஒரு விரலை நிறுத்தி, இடக்கண்ணாலும் வலக்கண்ணாலும் மாற்றி மாற்றி நோக்கினால் விரல் பின்னுள்ள சுவரின்மேல் இடம் மாறித் தோன்றும். புவி கதிரவனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ளவற்றின் முன்னே அவ்வாறே இடம் மாறித் தோன்றுகிறது. இதுவே இடமாறு தோற்றம். 1997இல் வெளிவந்த ஹிப்பார்க்கஸ் பட்டியல் 118,218 விண்மீன்களைக் கொண்டது. அதில் சுவாதியின் எண் 69673. அவ்விண்கலத் தரவை 2007இல் மறுபடி கணித்தபோது சுவாதியின் இடமாறு தோற்றம் 88.83 மில்லி விகலை என வந்தது. ஆயிரத்தை இவ்வெண்ணால் வகுத்தால் 11.26 பார்செக், ஏறத்தாழ 36.7 ஒளியாண்டு. கையாவின் கருவிகளுக்குச் சுவாதி அளவுக்கு மீறிய ஒளியுடையது என்பதால், இந்த மதிப்பிற்கு இன்னும் ஹிப்பார்க்கஸையே நாடுகிறோம்.

88.83க்குப் பக்கத்தில் இன்னொரு புலம் உண்டு, அதில் 0.54 என்றிருக்கும். நான் தவறிழைத்த இடம் இது. அம்மாணவி இதன் ஆங்கிலத் தலைப்புக்குத் தமிழ் கேட்டார். ‘பிழை’ என்று சொல்லிவிட்டேன்; பாடநூல் வழக்கும் அதுவே. அவர் பள்ளியில் தமிழில் பேசியபோது, சுவாதியின் அளவீட்டில் 0.54 பிழை இருக்கிறது என்று கூறியிருக்கிறார். கேட்டவர்களுள் ஒருவர், “பிழை என்று தெரிந்தும் ஏன் திருத்தவில்லை?” என்று வினவ, அவரால் விடை சொல்ல இயலவில்லை. குற்றம் அவருடையதன்று. தமிழில் பிழை என்பது செய்தவரின் தவறு. பிழைதிருத்தம், பிழை பொறுத்தல் என்பவற்றில் வருவது அப்பொருளே. பட்டியலிலுள்ள 0.54 தவறன்று. அளந்தவர் தாம் அறிந்ததன் எல்லையை நேர்மையாக எழுதி வைத்த எண் அது. உண்மை மதிப்பு 88.29க்கும் 89.37க்கும் இடையில் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள்.

இதற்கு ‘ஐயவளவு’ என்னும் சொல்லை நான் முன்மொழிகிறேன். ஐயம் நமக்கு இழிவான சொல் அன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம் ஐயத்துடன் பேசுவதற்கென்றே விதி வகுத்துள்ளது. மங்கலில் தொலைவில் வரும் உருவம் ஆணா பெண்ணா எனத் தெளியாதபோது, ஒருபாலுக்குரிய வினைமுற்றைத் துணிந்து சொல்லாமல் பொதுவான பன்மை வடிவால் கூறவேண்டும் என்பது அவ்விதி. தெரியாததைத் தெரியாதது என்று வினையின் ஈற்றிலேயே காட்டச் சொன்ன இலக்கணம் அது. ஐயத்தின் அளவை எண்ணால் காட்டுவது அதற்கு அடுத்த படி.

ஒளியைக் குறிக்கும் புலத்தில் சொற்குழப்பம் ஊருக்கு ஊர் மாறும். இலங்கைப் பாடநூல்களில் ‘பருமன்’ என்பது ஓர் அளவின் பெருமை; தமிழகப் பாடநூல்களில் அதே சொல் பொருள் அடைத்துக்கொள்ளும் கனஅளவு. இரு நாட்டிலும் பயின்ற ஆசிரியர்கள் பணியாற்றும் சிங்கப்பூரில் விண்மீனின் ‘பருமன்’ என்றால், ஒளியைச் சொல்கிறோமா உடம்பைச் சொல்கிறோமா என்று வினா எழும். ‘ஒளித்தர எண்’ என்பது நீளமாயினும் மயங்காது. தரம் என்பது பொருத்தமும்கூட: பழங்கிரேக்கர் விண்மீன்களை முதல்தரம், இரண்டாந்தரம் என ஆறு தரங்களாக வகுத்தனர். முதல்தரமே ஒளி மிக்கது. அதனால் எண் குறையக் குறைய ஒளி கூடும். தேர்வில் முதல் இடம் ஐந்தாம் இடத்தினும் உயர்ந்தது என்பதுபோல. சுவாதியின் எண் –0.05, சுழியத்தையும் தாண்டிய ஒளி.

இத்தரங்களுக்கு உறுதியான கணித வரையறை தந்தவர் நார்மன் போக்சன். ஐந்து தர வேறுபாடு சரியாக நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்று 1856இல் அவர் முன்மொழிந்தார். ஒரு தரத்துக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு. 1861இல் அவர் சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்று, 1891இல் மறையும் வரை அங்கேயே இருந்தார். இன்று உலகில் எந்த வான் அளவையின் ஒளிப் புலத்தை எடுத்தாலும் அதன் அடியில் இருப்பது இவருடைய அளவுகோல். ஆனால் எந்த நிறத்து ஒளியில் அளந்தது என்று கூடவே சொல்லவேண்டும். பச்சை சார்ந்த ஒளியில் –0.05 ஆன சுவாதி, நீல ஒளியில் 1.18, செம்மஞ்சள் நிறம் கொண்ட விண்மீன் நீலத்தில் மங்கித் தோன்றுகிறது. நிறத்தை மறந்து இரு பட்டியல்களின் எண்களை ஒப்பிட்டால், மாறாத விண்மீன் மாறியதாகத் தோன்றும்.

மெய்யாகவே மாறும் விண்மீன்களும் உண்டு. சென்னை வானாய்வுக்கூடத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி எனப்படும் தென்வான விண்மீனின் ஒளி மாறுவதை 1867இல் கண்டார். முன்பு பதிந்த தரத்தோடு இன்று காண்பது பொருந்தவில்லை என்பதைக் கவனித்தவருக்கே இத்தகைய கண்டுபிடிப்பு வாய்க்கும். அவரிடம் இன்னோர் ஈடுபாடும் இருந்தது. கணித்த இடமும் கண்ணால் காணும் இடமும் ஒத்துவரும் பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதாடி, அத்தகைய பஞ்சாங்கத்தை வெளியிட்டார். அதுவே திருக்கணித முறை. இப்பெயரில் உள்ள ‘திருக்’ என்பதைத் ‘திரு’ என்னும் அடைமொழியாகவே நம்மில் பலர் கொள்கிறோம். வடமொழியில் ‘த்ருக்’ என்றால் பார்வை. பார்த்து ஒப்புநோக்கிய கணிதம் என்பதே பொருள். தமிழ் எழுத்தில் பார்வை திருவாகிவிட்டது.

எதிரே நிற்பது வாக்கியப் பஞ்சாங்கம். அப்பெயரின் பொருளும் சிந்திக்கத் தக்கது. நிலவின் இடங்களை நாள் வரிசையில் தரும் 248 எண்களை, எழுத்துக்கு எண் என்னும் முறையில் 248 வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்தனர். பட்டியல் முழுவதும் சொல்லாகவே வாழ்ந்தது. சென்னை வானாய்வுக்கூடத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்னும் நூலில், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, எதையும் எழுதாமல், நினைவிலுள்ள வாய்பாடுகளைக் கொண்டே கிரகணத்தைக் கணித்த விதத்தைப் பதிந்துள்ளார். விடை நம்பத்தக்கதாகவே வந்தது. அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன, ஒவ்வொன்றும் எதை அளப்பது என்பதோ அக்கணிதர்க்குத் தெரிந்திருக்கவில்லை. தலைப்புகள் தொலைந்து எண்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருந்தன. அந்நினைவாற்றலை வியக்கிறேன், ஆயினும் அதைத் திருத்த வேண்டியபோது எவ்வெண்ணைத் தொடுவது என்று அவரால் அறிய இயன்றிராது. டெய்லரின் பட்டியலுக்கு வேறு கதி வாய்த்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1901இல், டவுனிங் என்பவர் அதனைத் திருத்தி எடின்பரோவில் மறுபதிப்பாகக் கொணர்ந்தார். எந்த எண் எவ்வாறு வந்தது என்பது பதிவாகியிருந்தால்தான் இது இயலும்.

இனி வெற்றிடங்கள். 2022 சூன் 13 அன்று வெளிவந்த கையாவின் மூன்றாம் வெளியீட்டு முதன்மைப் பட்டியலில் ஏறத்தாழ 181 கோடி வரிசைகளும் 152 புலங்களும் உள்ளன. அவற்றுள் 34 கோடிக்கு மேற்பட்ட வரிசைகளில் இடம் மட்டும் உண்டு. இடமாறு தோற்றமும் பெயர்ச்சியும் இல்லை. அப்புலங்கள் வெறுமையாக உள்ளன. வெறுமை என்பது சுழியம் அன்று. இடமாறு தோற்றம் சுழியம் என்றால் விண்மீன் எல்லையற்ற தொலைவில் இருக்கிறது என்றாகும். வெறுமை என்றால் இன்னும் அளந்து முடியவில்லை என்பதே. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து 2000 முதல் நடைபெறும் ஸ்லோன் வான் அளவையில், மதிப்பு இல்லாத இடங்களில் –9999 என்று எழுதும் வழக்கம் உண்டு. எவரும் மயங்காதிருக்க இயற்கையில் வரவியலாத எண்ணைத் தெரிந்தெடுத்தனர். மனிதர் மயங்கவில்லை, சராசரி காணும் கணினி மயங்குகிறது. நூறு விண்மீன்களின் ஒளித்தரத்தைச் சராசரி எடுக்கும்போது ஒரே ஒரு –9999 கலந்துவிட்டால், கதிரவனையும் விஞ்சும் விண்மீன்கூட்டம் ஒன்று திரையில் தோன்றும். சிரிப்புக்குரிய விடை வந்தால் நல்லது, உடனே கண்டுகொள்வோம்.

இதற்கு நேர்மாறாக, பொய்போல் தோன்றும் மெய்யும் உண்டு. கையா பட்டியலில் இடமாறு தோற்றம் குறையெண்ணாக இருக்கும் வரிசைகள் பல கோடி. குறைத்தொலைவில் விண்மீன் இருக்க முடியாதே என்று மாணவர் அவற்றை நீக்கிவிட முனைவர். மிகத் தொலைவிலுள்ள விண்மீனின் உண்மை மதிப்புச் சுழியத்துக்கு அருகில் இருக்கும். ஐயவளவு அதனினும் பெரிதாக இருந்தால், அளந்த எண் சுழியத்துக்குக் கீழேயும் விழும், மேலேயும் விழும். கீழே விழுந்தவற்றை மட்டும் நீக்கினால் எஞ்சியவை எல்லாம் உண்மையினும் அருகில் இருப்பதாகக் கணக்கு வரும். பக்கத்துப் புலத்தைப் பாராமல் ஒரு புலத்தைத் திருத்துவது, உருபை விட்டுவிட்டுப் பெயரைத் திருத்துவது போன்றது.

சிங்கப்பூரில் அறிவியல் ஆங்கிலத்திலும் தமிழ் தாய்மொழிப் பாடமாகவும் கற்பிக்கப்படுகின்றன. அதனால் பட்டியலின் எண்கள் ஆங்கிலத் தலைப்புகளோடு வந்து, ஆங்கிலத்திலேயே தங்கிவிடுகின்றன. அதைக் குறையாக நான் இங்கு எழுப்பவில்லை. தமிழ் வகுப்பில் ஒரு வரிசையை எடுத்து அதன் தலைப்புகளை மட்டும் தமிழில் எழுதச் சொன்னால், மாணவர் ஒவ்வொரு தலைப்பும் எதை அளக்கிறது என்று கேட்டே ஆகவேண்டும். ‘வல எழுச்சி’யும் ‘பிழை’யும் அப்போதுதான் பிடிபடும். கட்டுரைப் பயிற்சிக்கு ஒதுக்கும் ஒரு பாடவேளை இதற்குப் போதும்.

அம்மாணவி அதனைச் செய்து பார்த்தார். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் சுவாதியின் வரிசையை எழுதினார்: ஹிப்பார்க்கஸ் எண், நேரேற்றம், நடுவரை விலக்கம், அடிப்படைக் காலம், சொந்தப் பெயர்ச்சி இரண்டு, இடமாறு தோற்றம், ஐயவளவு, ஒளித்தர எண், அளந்த நிறம். பின்னர்க் கையாவின் 152 தலைப்புகளைத் தொடங்கி, ஒன்பதுக்குத் தமிழ் எழுதியிருக்கிறார். எழுதாதவற்றின் எதிரே சுழியம் இடவில்லை. சிறு கோடு இழுத்து விட்டிருக்கிறார். சூன் மாத நடுவில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு, தேக்காவின் விளக்குகளை விட்டு விலகி, தம் அடுக்குமாடியின் வாகன நிறுத்துமிட மேல்தளத்துக்குச் சென்று பார்த்ததாகவும் சொன்னார். உச்சியிலிருந்து சற்று வடக்கே, பட்டியலில் உள்ள விலக்கம் சொன்னபடியே, செம்மஞ்சள் நிறத்தில் சுவாதி இருந்தது. அன்றைய தாளில் வேறொரு நட்சத்திரத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது.